ஓரத்தில் ஒரு நீலம்

பிப்ரவரி 3

மூன்று டேப்லெட்டுகள் வந்திறங்கியிருக்கின்றன. மூன்று கம்பெனிகள், மூன்று பெட்டிகள், மூன்றிலும் கிளிப் படம். டிஸ்பிளே விற்கிறவர்களுக்குக் கிளியை விட்டால் உலகத்தில் வேறு நிறமே இல்லை. நாங்கள் செய்வது பல். பல்லில் எங்கே கிளி?

கம்பெனிப் பெயர்களை மறைத்துச் சீட்டு ஒட்டினேன். அ, ஆ, இ.

வேலை இதுதான். பல் மருத்துவர்கள் அனுப்பும் படத்தை டேப்லெட்டில் பார்த்துப் பார்த்து, எங்கள் கூடத்தில் பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பைப் பீங்கானில் செய்கிறார்கள். அது அக்கம்பக்கத்துப் பல்லோடு சேர்ந்துபோக வேண்டும். பழைய டேப்லெட்டுகளுக்கு வயதாகிவிட்டது. புதிதாக எதை வாங்கலாம் என்று அளந்து சொல்ல வேண்டியது நான். அளந்துவிடுவேன், சொல்லியும்விடுவேன். கேட்கப்போவது யார் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 4

மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுருக்கம். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். இன்று என்னைக் கூப்பிட்டு நீளமாகப் பேசினார். முன்பல் கேப்கள் திரும்பி வருகின்றன, மெழுகு மாதிரி இருக்கிறதாம். எல்லாம் சித்தி மேசையில் செய்தவை. இன்னும் வந்தால் அவளை பேக்கிங்குக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

சித்தி கூடத்திலேயே மூத்த கை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். அவள் வீட்டு மாடி அறையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளை பேக்கிங்கில் உட்காரவைத்துப் பெட்டிக்கு டேப் ஒட்டச் சொல்வார்களா?

அவள் மேசை டேப்லெட்டை அளந்து பார்த்தேன். திரைக்குப் பின்னால் எரியும் பின்னொளி பழுத்துப்போயிருக்கிறது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் டீயில் நனைத்த காகிதம். மேல்வரிசை முன்பல்லின் விளிம்பில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய நீலம் ஓடும். அது இருந்தால்தான் பல், இல்லாவிட்டால் மெழுகு. அந்தத் திரையில் அது சுத்தமாக இல்லை. தெரியாததை எப்படிச் செய்வாள்?

குற்றவாளி கிடைத்துவிட்டது. சந்தோஷமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 6

இருட்டறை. நிறமானியைத் திரையில் ஒட்டவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தி அதற்கு வைத்த பெயர் அட்டை. "உன் அட்டை ரத்தம் குடிச்சு முடிச்சிருச்சா?" என்று கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போகிறாள்.

நிறம் எவ்வளவு பிசகுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. இரண்டுக்குள் இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

அ: ஓலெட் திரை. பின்னொளி கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு அசல் கறுப்பு. ஆனால் ஈறு தக்காளி மாதிரி, உதடு கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி. பிசகு நான்கு.

ஆ: பளபளப்பு கண்ணைக் குத்துகிறது. வெள்ளை என்பது நீலம் அதிகம் போட்டு அலசிய துணி. மூலைகளில் பின்னொளி கசிகிறது, மூடாத கதவிடுக்கில் விளக்கு மாதிரி. ஒளியைக் குறைத்தால் துடிக்கிறது. பேனாவை முன்னால் ஆட்டினால் பத்துப் பேனா தெரிகிறது. பிசகு ஆறுக்கு மேல்.

இ: களையில்லாத முகம். கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிசகு ஒன்றேகால். நடுவிலும் மூலையிலும் கிட்டத்தட்ட ஒரே ஒளி. விளிம்பு நீலம் தெரிகிறது, துளிகூடக் கூச்சல் இல்லாமல்.

ஒரு திரையை இவ்வளவு பிடித்துப்போவது ஆரோக்கியமான விஷயமா?

பிப்ரவரி 7

ஆ-வை விற்கிறவர் வந்தார். நூறு கோடி நிறம், நூறு கோடி நிறம் என்று ஓயாமல் சொன்னதால் மதியத்துக்குள் அவர் பெயர் நூறுகோடி ஆகிவிட்டது. பல்லுக்கு எத்தனை நிறம் சார் வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். அவருடைய பல்லும் ஆ-வின் வெள்ளைதான்.

மூன்றையும் வரவேற்பறையில் வரிசையாக வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கணக்குப் பிரிவு, வரவேற்பு, காவலாளி எல்லோரையும் கேட்டார் சுருக்கம். எல்லோரும் ஆ. ஒருவர் விடாமல். இ-யைப் பார்த்து "இது ஏன் அழுதுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள் வரவேற்பில் இருப்பவள்.

கண் என்பது ஒரு மலிவான கருவி. வெளிச்சம் அதிகமாக இருந்தால் போதும், வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடும்.

பிப்ரவரி 10

வாக்கெடுப்புக்குப் பதில் சொல்ல ஒரு சோதனை செய்யப்போகிறேன். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு படங்கள், இப்படிப் பல ஜோடிகள். ஒன்று அசல். இன்னொன்றில் விளிம்பு நீலத்தை நானே அழித்துவிடுவேன். எதில் நீலம் இருக்கிறது என்று கேப் செய்கிறவர்கள் சொல்ல வேண்டும். மூன்று திரைகளிலும். ஆ-வில் தடுமாறுவார்கள், சுற்றிலும் எல்லாமே நீலமானால் ஓரத்து நீலம் எங்கே போய் நிற்கும்? இ-யில் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். தப்பு திரையில், சித்தியிடம் இல்லை என்று நிரூபணமாகிவிடும்.

சித்தியிடம் சொன்னேன். "என்னை வச்சுப் பரிசோதனை பண்றதுக்கா உன்னைப் படிக்க வச்சாங்க?" என்றாள். ஆனாலும் குஷி. சுருக்கத்தின் மூக்கு உடைவதைப் பார்க்க அவளுக்கும் ஆசை.

பிப்ரவரி 13

சோதனை நடந்தது.

இளசுகள் மூன்று பேர், சித்தி. இளசுகள் நான் நினைத்தபடியே: இ-யில் ஏறக்குறைய எல்லாம் சரி, ஆ-வில் காசைச் சுண்டிப் பார்த்த மாதிரி.

சித்தி மூன்று திரையிலும் காசைச் சுண்டினாள்.

இ-யின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு: "ரெண்டும் ஒண்ணுதான்டி. வேணும்னே ஒரே படத்தை ரெண்டு தடவை வச்சிருக்கியா?"

யாரும் சிரிக்கவில்லை. இளசுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சுருக்கம் வாசலில் நின்றுகொண்டிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியாது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இல்லை. திரையில்தான் தப்பு. திரையிலும்.

பிப்ரவரி 14

சுருக்கத்துக்குச் சராசரி மட்டும் போதும். நான்கு பேரையும் சேர்த்துப் போட்டால் இ-க்கும் ஆ-வுக்கும் இடைவெளி குறைந்துவிடுகிறது. "அப்ப பெரிய வித்தியாசம் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார். சித்தியை விட்டுவிட்டுப் போட்டால் இ எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. விட்டால் ஏன் விட்டேன் என்று காரணம் எழுத வேண்டும்.

சேர்த்தால் ஆ வரும். கூடமே மெழுகு செய்யும். நீக்கினால் இ வரும். சித்தி போவாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மொட்டைமாடியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த முனையைப் பிடி" என்றாள். பிடித்தேன். உதறினாள். மடித்தோம். இரண்டு பேரும் முனைகளைச் சேர்க்கக் கிட்டே வந்தபோது என் முகத்தையே பார்த்தாள்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 17

அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஒருவரது விடைகள் சேர்க்கப்படவில்லை: நுண்ணிய நிற வேறுபாடுகளைப் பிரித்தறியும் பார்வை போதவில்லை." பெயர் எழுதவில்லை. எவ்வளவு நாகரிகம். நான்கு பேரில் அந்த ஒருவர் யார் என்று காவலாளிக்குக்கூடத் தெரியும்.

எதற்காக எழுதினேன்? உண்மைக்காக என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் ஒட்டவில்லை. நான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக. ஒரு திரைக்காக.

பிப்ரவரி 20

ஆ-வையே வாங்கிவிட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் தோல் உறை இலவசமாம். என் அறிக்கையின் எண்களைச் சுருக்கம் படிக்கவே இல்லை. படித்தது ஒரே ஒரு வரி. சித்தி நாளையிலிருந்து பேக்கிங்.

மாலை மாடிப்படி ஏறி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"என் கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சதும் என்கிட்டல்ல முதல்ல வந்து சொல்லியிருக்கணும்? அந்தாளுகிட்டயா போய்ச் சொல்லுவ?"

இறங்கிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 24

சித்தி என்னோடு பேசுவதில்லை. சித்தப்பா வழியாகத்தான் எல்லாம். "உங்க பொண்ணுகிட்ட தண்ணி வந்திருச்சுன்னு சொல்லுங்க." நான் எதிரில்தான் நிற்கிறேன். சித்தப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "பாப்பா, தண்ணி வந்திருச்சாம்" என்கிறார். "சரி சித்தப்பா" என்கிறேன். "சரியாம்" என்கிறார் அவளிடம். இந்த உத்தியோகம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூடத்தில் இளசுகள் தோல் உறைகளைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 28

சித்தப்பாவே அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. பழுப்பேறி முற்றிப்போயிருக்கிறதாம். வருஷக்கணக்காகப் பழுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்த மாதிரி என்றாராம் மருத்துவர். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அவளுக்கே தெரியவில்லை. ஆபரேஷன் முதலில் வலது கண்ணுக்கு, சில வாரம் கழித்து இடதுக்கு.

"வாசல்ல செருப்பைத் தேடிட்டு அங்கயே உக்காந்துட்டா பாப்பா" என்றார் சித்தப்பா. "எத்தனை பேரு வாயில என்னத்த வச்சேனோன்னு கேக்கறா."

ஐந்து வருடத் திரைக்கு வயதாகிவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதியவள் நான். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மார்ச் 6

வலது கண் ஆயிற்று. நான் போகவில்லை. கூப்பிடவில்லை.

மார்ச் 11

கட்டு பிரித்தாயிற்று. சமையலறையில் நின்று ஒரு கண்ணைப் பொத்துகிறாள், திறக்கிறாள், அடுத்ததைப் பொத்துகிறாள். சுவரை, பாத்திரத்தை, சித்தப்பாவின் சட்டையை. "இந்தக் கண்ணுல வெள்ளை. இந்தக் கண்ணுல சாயம்போன காக்கி. இவ்வளவு நாளும் இதை வெள்ளைன்னா துவைச்சுக்கிட்டு இருந்தேன்?" கேள்வி சித்தப்பாவுக்கு. அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

மருத்துவர் கண்ணுக்குள் வைத்த புது வில்லை தெளிவாக இருப்பதால், கொஞ்ச நாளைக்கு எல்லாமே தூக்கலான நீலமாகத் தெரியும் என்று படித்தேன். சொல்ல ஆளில்லை.

மார்ச் 18

இன்று கூடத்தில் நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

சித்தி வேலைக்குத் திரும்பினாள், பேக்கிங்குக்குத்தான். காலையில் அனுப்ப வேண்டிய கேப்கள் பத்து மணிக்கும் போகவில்லை. சுருக்கம் இறங்கி வந்தார். பேக்கிங் மேசையில் இரண்டு குவியல். ஒன்று பெட்டிக்குள். இன்னொன்று, பெரியது, வெளியே. அந்தக் குவியலில் ஒன்றை விரல் நுனியில் வைத்து இளசுகளிடம் காட்டிக்கொண்டிருந்தாள். "இது பல்லா, சோப்பா? முகம் கழுவவா குடுக்கப்போற?"

எல்லாம் ஆ-வைப் பார்த்துச் செய்தவை. ஒன்றின் விளிம்பிலும் நீலம் இல்லை. கூடத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நான் என் நிறமானி அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு உம்மென்று இருந்தேன், எனக்கென்ன என்று.

டாக்டர்கள் காத்திருக்கிறார்கள், உங்கள் வேலை பெட்டி ஒட்டுவது என்றார் சுருக்கம். சித்தி டேப் சுருளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே ஒட்டி அனுப்புங்க சார். திரும்பி வந்தா இந்தத் தடவை என் மேசைன்னு சொல்ல முடியாது."

சுருளைத் தொடவில்லை அவர். என்னைப் பார்த்தார். இ எங்கே என்றார். கொண்டுவந்தேன். ஒரே படம், இ-யிலும் ஆ-விலும். ஒரு இளசு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சித்தி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இ-யைப் பார்த்தாள். பிறகு ஆ-வை. பிறகு ரொம்ப நேரம் இ-யை.

அந்த நீலம் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் பார்த்தேன். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, சுருக்கமா சொல்லுங்க" என்றார் அவர்.

"சுருக்கமாவா? தப்பானதை வாங்கியிருக்கீங்க."

மார்ச் 20

கேப் செய்கிற மேசைகளுக்கு மட்டும் இ வருகிறது. நூறுகோடியின் ஆ எல்லாம் கணக்குப் பிரிவுக்குப் போயின, உறையோடு. மதிய இடைவேளையில் சினிமா பார்க்கிறார்கள். ஆ பிறவி எடுத்ததே அதற்குத்தான்.

சரியானதை வாங்கும் யோசனை தனக்கு முதலிலிருந்தே இருந்தது என்று சுருக்கம் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். இரண்டாவது கண்ணும் ஆனதும் சித்திக்கு அவள் மேசை என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 23

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தி வந்து கொடியின் அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். சித்தப்பா கீழே இருக்கிறார், கூப்பிட்டால் கேட்காது.

"இடது கண்ணுக்கு வர்ற வெள்ளிக்கிழமை" என்றாள், துணியிடம். "நீ ஒண்ணும் வர வேண்டாம்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

கடைசிக் கிளிப்பையும் கழற்றி டப்பாவில் போட்டாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள்.

"ஏழு மணிக்கே அங்க இருக்கணும்" என்றாள்.