இரண்டாவது சீட்டு

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில்தான் இன்றும் வாக்குச்சாவடி. உள்ளே கால் வைத்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. வழக்கம்போல் வாத்தியக் குழுப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் மேசை போட்டு வாஃபிள் என்கிற கட்டம் போட்ட அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் வரிசைக்குப் போவதற்கு முன்பே இரண்டு வாங்கியிருப்பாய். "எங்கடை பக்கத்து ஏலக்காயை மாவிலை போட்டு எங்களுக்கே விக்கினம்" என்று அதே பகிடியை மறுபடியும் சொல்லியிருப்பாய், நானும் சிரித்திருப்பேன். நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகின்றன. நீ இல்லாமல் நான் போட்ட முதல் வாக்கு இது.

நகர ஓரத்துக் காட்டு நிலத்தை வீடு கட்டக் கொடுப்பதா, அப்படியே விடுவதா என்று நகரசபை கேட்டிருந்தது. எங்களிடம் கருத்துத்தான் கேட்பார்கள், முடிவு அவர்களுடையது. ஆனாலும் போன தடவை, முதியோர் இல்லங்கள் பற்றிக் கேட்டபோது, மக்கள் சொன்னபடியே செய்தார்கள். அந்தப் போன தடவையைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

எங்களுடைய முதல் வாக்கு உனக்கு மறந்திருக்காது. ஒஸ்லோவில், ஹவுகெட்டோப் பக்கம் ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருந்தோம். நோர்வேக்கு வந்து மூன்று வருடம் முடிந்தவர்கள் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றதும் இருவரும் சேலை உடுத்திக்கொண்டு போனோம். மறைப்புக்குள் ஒவ்வொரு தெரிவுக்கும் தனித்தனிச் சீட்டு அடுக்கியிருக்கும், வேண்டியதை எடுத்து, எழுத்து உள்ளே இருக்கும்படி மடித்துக்கொண்டு வர வேண்டும். வெளியே இருக்கும் அலுவலர் சீட்டின் முதுகில் முத்திரை குத்துவார், பிறகு பெட்டியில் போடலாம். நீ சீட்டை விரித்தபடியே கொண்டுபோய் அந்த வயதானவரிடம் நீட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். வங்கியிலும் தபால் கந்தோரிலும் எந்தப் படிவத்தையும் அப்படித்தானே கொடுத்துப் பழக்கம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, போய் வேறு சீட்டு எடுக்கச் சொன்னார். "நான் மரியாதைக்குக் காட்டினனான். அந்தாள் பாம்பைக் கண்டமாதிரித் திரும்புது" என்று ரயிலேறும்வரை புறுபுறுத்தாய். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குச் சீட்டு மடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நீதான்.

ஒஸ்லோ எல்லை தாண்டி இந்த நகரசபைக்குள் ஒரே வரிசையில் இருவரும் வீடு வாங்கிய பிறகுதான் அந்தக் கதிரைப் பழக்கம் தொடங்கியது. நகரசபை விளக்கப் புத்தகம் அனுப்பினால், அல்லது தேர்தல் வந்தால், ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் குசினியில் உட்காருவோம். யன்னல் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் ஒரு பக்கத்துக்காக வாதாட வேண்டும், குளிர்சாதனப் பெட்டிப் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் மற்றப் பக்கத்துக்காக. தேநீர் முடிந்ததும் கதிரை மாற வேண்டும், வாதமும் மாற வேண்டும். கடைசியில் யார் என்ன போடப்போகிறோம் என்று சொல்லிவிடுவோம், அதில் சண்டை இல்லை. எத்தனையோ தடவை நானும் நீயும் வேறு வேறு போட்டிருக்கிறோம். என் கணவர், "ஒருத்தற்ரை வாக்கை மற்றவ வெட்டுறதுக்கு ரண்டு பேரும் என்னத்துக்கு மினக்கெட்டுப் போறியள், வீட்டிலை இருங்கோவன்" என்பார். நீ அவரைக் கணக்கில் எடுத்ததில்லை. "போட்டதை மறைக்கிறதெண்டா இந்தக் கதிரை என்னத்துக்கு?" என்று ஒருமுறை சொன்னாய்.

பிறகு முதியோர் இல்லக் கேள்வி வந்தது. நகரசபையில் மூன்று சிறிய இல்லங்கள் இருந்தன. அவற்றை வைத்துக்கொள்வது முதலாவது சீட்டு. மூன்றையும் மூடி, நகர நடுவில் பெரிதாக ஒன்று கட்டுவது இரண்டாவது சீட்டு. ஏரிக்கரை இல்லத்தில் நீ பதினெட்டு வருடம் வேலை செய்திருந்தாய், வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. அங்கே யாருக்குத் தேநீரில் எத்தனை சீனி, யாருக்கு எந்தப் பக்கம் காது கேட்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நீ எதைப் போடுவாய் என்று கேட்கவே தேவையில்லை.

என் வீட்டில் மாமி, கணவரின் அம்மா, இருந்தா. அந்த நேரம் அவவுக்கு மறதி முற்றியிருந்தது. அடுப்பைத் திறந்துவிட்டு மறப்பா, பனிக்குள் செருப்பில்லாமல் இறங்கிப் போவா. காத்திருப்போர் பட்டியலில் அவவின் பெயர் ஒரு வருடமாகக் கிடந்தது. நான் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தேன். உனக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன் என்று நீ நம்பினாய். சனிக்கிழமை வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு இரண்டாவது சீட்டுக்காக நீதான் முதலில் பேச வேண்டியிருந்தது. எவ்வளவு நன்றாகப் பேசினாய். மறதி உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு வரும், பூட்டில்லாமலே அவர்கள் சுற்றி நடக்கக்கூடிய முற்றம் வரும், ஏரிக்கரையில் இரவுக்கு ஒரே ஒரு ஆள்தான் நிற்கிறாள், யாராவது விழுந்தால் தூக்க இரண்டாவது கை இல்லை. "வரிசையிலை நிக்கிற சனத்தையும் யோசிக்கவேணும். உள்ளுக்கை இருக்கிறவைக்கு மட்டும் எண்டு கதைக்கேலாது" என்றாய். நகரசபைக்காரர் ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. நீ விளையாட்டுக்குப் பேசினாய், எனக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. பிறகு கதிரை மாறினோம். ஏரிக்கரை இல்லத்துக்காக நான் பேசினேன், மனம் ஒப்பாமல் பேசியதாலோ என்னவோ கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன். உனக்குக் கண் கலங்கியது. "அப்ப நீ என்ன போடப்போறாய்?" என்று கேட்டாய்.

"முதலாவதுதான். வேறை என்ன?" என்றேன்.

வாக்களிப்பு நாளில் மறைப்புக்குள் நின்று இரண்டாவது சீட்டை எடுத்தேன், எழுத்து உள்ளே இருக்கும்படி மடித்தேன். அந்த வாக்கைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. மறுபடி கேட்டாலும் அதையே போடுவேன். வெளியே வந்து, "முதலாவதைப் போட்டாச்சோ?" என்று நீ கேட்டபோது தலையாட்டினேன் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொஞ்ச வித்தியாசத்தில் பெரிய கட்டடம் வென்றது. உனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேலாவது அதைக் கொட்ட வேண்டியிருந்தது, வசந்தி அகப்பட்டாள். தமிழ்ப் பள்ளியில் சங்கீதம் படிப்பிக்கும் வசந்தி, வாக்களிப்புக்கு முதல் வாரம் பெற்றோர் கூட்டத்தில் புதிய கட்டடத்துக்கு என்னென்ன நன்மை என்று எழுந்து நின்று சொல்லியிருந்தாள். "எங்கடை ஆக்களின்ரை மனத்தை மாத்தினது அவதான். தானும் அதைத்தான் போட்டிருப்பா" என்றாய். தமிழ்ப் பள்ளி வாசலில் அவள் உன்னிடம் வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாய். நான் பக்கத்து இருக்கையில் ஏறி, பட்டியைப் போட்டேன். அதற்குப் பிறகு நீ அவளோடு கதைக்கவே இல்லை.

புதிய இல்லத்துக்கு நீ இரண்டு பஸ் மாறிப் போனாய். ஏரிக்கரையிலிருந்து கொண்டுபோன உன் ஆட்களில் மூன்று பேர் முதல் குளிர்காலத்திலேயே போய்விட்டார்கள். வயது போனவர்கள், நடக்கிறதுதானே என்று நான் சொன்னேன். மாமிக்கு அங்கே இடம் கிடைத்தது, அதுவும் நீ வேலை செய்த பிரிவில். வீட்டிலிருந்து நான் கொண்டுவரும் சோற்றைக் குழைத்து, "அம்மா, ஆ எண்டுங்கோ, இஞ்சை பாருங்கோ" என்று நீதான் ஊட்டினாய். என் கையால் வாங்காத மாமி உன் கையால் வாங்கினா. நான் அந்த அறை வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். அப்போது சொல்லியிருக்கலாம். மாமி செத்தவீட்டுக்குப் பிறகு சொல்லியிருக்கலாம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் நாள் தவறாமல் வந்தேன், வாய் திறந்தால் உன் மருந்தையும் சாப்பாட்டையும்தான் கதைத்தேன். நோயாளிக்கு ஏன் வேதனை கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் கோபத்துக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

இந்தத் தடவை புத்தகம் வந்ததும் ஒரு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்தேன். வீடுகள் வந்தால் என் மகள் வாடகை வீட்டை விட்டு எனக்குக் கிட்டவே வரலாம், பேரப்பிள்ளைகளை நடந்து போய்ப் பார்க்கலாம். இதை யன்னல் பக்கமிருந்து சொன்னேன். மற்றக் கதிரைக்குப் போனதும், அந்தக் காட்டில் பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழகுவது, நாங்கள் இருவரும் வாளி வாளியாக நீலப்பழம் ஆய்ந்தது, வெட்டினால் திரும்பி வராதது என்று அடுக்கினேன். வாய்விட்டுத்தான் பேசினேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். காட்டை அப்படியே விடுவது என்று முடிவெடுத்ததும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, உங்களுக்கு எங்களை விட மரம் பெரிசோ?" என்று கேட்டாள். இரண்டு கிழமையாக அவள் தொலைபேசி எடுப்பதில்லை. எடுப்பாள்.

இன்று வாக்குப் போட்டுவிட்டு வாஃபிள் வாங்கிக்கொண்டு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது வசந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனவள். என்ன போட்டேன் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

"வசந்தி, அண்டைக்கு இல்லம் மூடுற வாக்கிலை ரண்டாவதைப் போட்டது நான். அவவுக்கு முதலாவது எண்டு பொய் சொன்னனான். அவ உம்மிலை கோவிக்கேக்கையும் பேசாமல் இருந்தனான்."

அவள் கையிலிருந்த கடதாசித் தட்டை மடியில் வைத்தாள்.

"நான் முதலாவதுதான் போட்டனான் அக்கா" என்றாள். "கூட்டத்திலை என்னைப் புது இல்லத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னவை, சொன்னனான். வேறை ஒராள் பழசைப் பற்றிச் சொன்னவர். ஆனா என்ரை அப்பாவைக் கடைசிக் காலத்திலை அவதானே பராமரிச்சவ, ஏரிக்கரையிலை. நான் எப்பிடி மூடச் சொல்லிப் போடுறது?"

"இதை அவவிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"பள்ளி வாசல்லை வைச்சுச் சொல்லத்தான் வந்தனான். அவ கேக்கேல்லை. நீங்களும் அங்கைதானே நிண்டனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ கத்தியிருப்பாய், ஒரு மாதம் என் வீட்டு வாசல் மிதித்திருக்கமாட்டாய். ஆனால் என் மனத்தை மாற்றியது வசந்தியல்ல, உன் பேச்சுத்தான் என்று தெரிந்ததும் அன்றைக்கே அவளுக்குத் தொலைபேசி எடுத்திருப்பாய். பிழையென்று தெரிந்தால் ஒரு நிமிடம் பொறுக்காதவள் நீ. தன் அப்பாவுக்காக உன் பக்கம் நின்ற ஒருத்தியை நீ பகையாளி என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அந்த ஒரு தொலைபேசி அழைப்பை உன்னிடமிருந்தும் அவளிடமிருந்தும் பறித்துவிட்டவள் நான். இனி வேறு யாரிடம் உண்மையைச் சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.