மேல் லயத்துக்கு மீன் எண்ணெய்

மேட்டுச்சோலை ஏலத்தோட்டம்,
1-7-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் உங்களைச் சுகமாய் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். கட்டின புருஷனுக்கு இரண்டு வருஷமாகப் பேனா எடுக்காதவள் இன்று எழுதுகிறேன் என்றால் காரியம் அப்படி. ஊரெல்லாம் பரவும் விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறிவிட்டது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அறுபது பேருக்கு மேல் படுத்த படுக்கை. இங்கே மலையாளத்தில் காய்ச்சலைப் பனி என்பார்கள். வெளியே பனி, உள்ளேயும் பனி.

ஆனால் அத்தான், ஒரு வழி கிடைத்த மாதிரி இருக்கிறது! காய்ச்சலில் கிடந்த முனியாயிக்கு நாலு நாள் மீன் எண்ணெய் கொடுத்தேன். ஐந்தாம் நாள் எழுந்து விறகு பொறுக்கப் போய்விட்டாள். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி குறையும், மீன் எண்ணெயில் அது நிறைய உண்டு என்று ஒரு பழைய மருத்துவப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஏலச்செடிக்கு நிழல் வேண்டுமென்று மரங்களை விட்டுவைத்த காட்டில் வெயில் எங்கே விழுகிறது? இந்த மழையில் ஒரு மாதமாய்ச் சூரியனையே காணோம்.

என் டிஸ்பென்சரியில் இரண்டே புட்டி மிச்சம். உங்கள் மருந்துக்கடையில் இருப்பதையெல்லாம் அனுப்புங்கள்.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரெபேக்காள்

*

போடிநாயக்கனூர்,
4-7-1957

அன்புள்ள ரெபேக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் நின்றவர்களையே மறந்துவிட்டேன். மலைக்கு ஓடும் சீனிச்சாமி ஜீப்பில் மூன்று டஜன் புட்டி ஏற்றியிருக்கிறேன். உடையாமல் வைக்கோல் சுற்றி நானே அடுக்கினேன்.

இன்னொரு சங்கதி. நீ எழுதியதை நம்பி, ‘விஷக்காய்ச்சலுக்கு மீன் எண்ணெய்’ என்று கடை வாசலில் பலகை மாட்டிவிட்டேன். சிலமலை, தேவாரம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்! “வெரசா குடுங்கண்ணே, பஸ்சு போயிரும்” என்று ஒரே கூச்சல்.

நர்சு வேலையை விட்டுவிட்டுக் கடையில் இரு என்று நான் சொன்னதற்குத்தானே அன்றைக்கு மலையேறினாய்? மறுபடியும் சொல்கிறேன், கீழே வந்துவிடு. அந்த மலையில் உனக்கு என்ன இருக்கிறது?

அன்புடன்,
ஞானதுரை

*

மேட்டுச்சோலை,
16-7-1957

அத்தான்,

இதைக் கொண்டுவரும் சீனிச்சாமியின் ஜீப்பில் ராக்கு படுத்திருக்கிறாள். மேல் லயத்துக்காரி. மூச்சு முட்டுகிறது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. முதலில் அவளை ஆஸ்பத்திரியில் சேருங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

சேர்த்துவிட்டீர்களா? இனி கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய எண்ணெய் மேல் லயத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. கீழ் லயத்துக்குக் கஞ்சியும் வெந்நீரும் மட்டும். எண்ணெய் வந்த பிறகு படுத்தவர்கள் மேலே முப்பத்தொரு பேர், கீழே முப்பத்துநாலு பேர். யார் எத்தனையாவது நாள் எழுந்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எண்ணெய் குடித்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று எனக்கு எவ்வளவு ஆசை! நேற்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு லயத்திலும் ஒன்றுபோல ஐந்தாறு நாளில் எழுந்திருக்கிறார்கள். திரும்ப எண்ணினேன். அதேதான். முனியாயி எண்ணெய் இல்லாமலும் எழுந்திருப்பாள்.

ராக்குவுக்கு முந்தாநாளே மூச்சு வாங்கியது. அன்றே அனுப்பியிருக்க வேண்டும். அவள் புருஷன் சின்னமுத்து, “இன்னொரு கரண்டி குடுத்துப் பாப்பமா நர்சம்மா?” என்றான். கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். என் தப்புதான்.

பலகையைக் கழற்றிவிடுங்கள் அத்தான். கெஞ்சிக் கேட்கிறேன்.

ரெபேக்காள்

*

போடிநாயக்கனூர்,
20-7-1957

அன்புள்ள ரெபேக்கா,

ராக்கு பிழைத்துக்கொண்டாள்! நிமோனியாவாம். பென்சிலின் ஊசி போட்டார்கள். நேற்று எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தவள், “ஆத்தாடி, இந்த ஊர்ல என்னா வெயிலு!” என்றாள். வார்டே சிரித்தது.

உன் கடிதத்தின் மீதியை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். உன் மேல் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் என்னை நம்பி வாங்கிப் போயிருக்கிறதே, எந்த முகத்தோடு கழற்றுவது? கடைக்குத் திரும்பினால் சிலமலை பெத்துராஜ் நிற்கிறார். “மகளுக்கு நாலு நாளா குடுக்குறேன், இளைப்பு நிக்கல. இன்னொரு புட்டி குடுங்கண்ணே” என்றார். கொடுக்க எடுத்த புட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். சீனிச்சாமியைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னேன். சிலமலைக்குப் பறந்துபோய் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து, ராக்குவுக்கு அடுத்த கட்டிலில் சேர்த்தோம். அவளுக்கும் குணமாகி வருகிறது.

பலகையின் மறுபக்கத்தில் இப்போது, ‘மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி’ என்று எழுதி மாட்டியிருக்கிறேன். அதற்கும் கூட்டம் நிற்கிறது!

ராக்கு வார்டில் எல்லோரிடமும் “எங்க நர்சம்மா, எங்க நர்சம்மா” என்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. இனி உன்னைக் கீழே வா என்று கூப்பிடமாட்டேன். அடுத்த சனிக்கிழமை ராக்குவை ஜீப்பில் அனுப்புகிறார்கள். நானும் கூட வரட்டுமா?

ஞானதுரை

*

மேட்டுச்சோலை,
23-7-1957

அன்புள்ள அத்தானுக்கு,

வாருங்கள்!

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு லயத்துக்கும் ஓடினேன். சின்னமுத்து அழுதான், நானும் அழுதேன். புதிதாய்க் காய்ச்சல் மூன்று பேருக்குத்தான். மழையில் இரண்டு வாரமாய் வராதிருந்த டாக்டர் நேற்று வந்தார். மிச்ச எண்ணெயை என்ன செய்ய என்று கேட்டேன். லயத்து வீரலட்சுமியின் பிள்ளைக்குக் கால் வளைந்திருப்பதைக் காட்டி, “இது எலும்புக்கு ஆகும்மா, கொடுத்து வா” என்றார். ஆகவே இன்னும் ஆறு புட்டி கொண்டு வாருங்கள்.

கருப்பட்டி கொஞ்சம், சலவைச் சோப்பு நாலு. மெட்டு ஏறும் மலைப்பாதையில் சறுக்கும், சீனிச்சாமியை மெதுவாய் ஓட்டச் சொல்லுங்கள். இங்கே குளிர் தாங்கமாட்டீர்கள். என்னிடம் ஒரு கம்பளிதான் இருக்கிறது, இன்னொன்று வாங்கி வாருங்கள்.

வேண்டாம். கம்பளி வாங்க வேண்டாம்.

உங்கள்
ரெபேக்காள்