அணைத்த பின்னும் பச்சை

மார்ச் 6
விளக்கை அணைத்த பிறகும் ஒரு குப்பி பச்சையாகவே இருந்தது. மூன்று மூச்சு நேரம். பிறகு இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆய்வகத்தில் எல்லோரும் திரைகளை இழுத்துவிட்டு, மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். குழாயைத் திறந்தால் சத்தம் கேட்கும். அதனால் கழுவ வேண்டிய குப்பிகளைச் சும்மா பொறுக்கிக்கொண்டிருந்தேன். புற ஊதா விளக்கை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். நான்தான் அணைத்தேன். மற்றக் குப்பிகள் எல்லாம் விளக்கோடு இருண்டுவிட்டன. இது மட்டும் ஏன்?

கழுவவில்லை. பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 7
அது மெங் ரூவோ அக்காவின் குப்பி. எண் 31. அவர் செய்யும் பொருள் விளக்கு போன பிறகும் ஒளிர வேண்டுமாம். மூன்று வருடமாக ஒளிரவில்லை. மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு அதைக் கைவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர் லுவோ.

பக்கத்து மேசை ஆய்வாளர், தான் காய் என்பவர், சும்மா விடுவாரா? “உன் பொருளவிட என் செருப்பு நல்லா மின்னுது ரூவோ.”

“மின்னும் மின்னும். வாங்குனதுலேர்ந்து தொடச்சிருக்கியா நீ?” என்று அக்காவும் சிரித்தார். ஆனால் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

என் பையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? கழுவுகிறவர்கள் எதையும் எடுக்கக்கூடாது. போன வருடம் ஒரு காலிக் குடுவையை வீட்டுக்குக் கொண்டுபோன பெண்ணை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பள்ளியை விட்டுக் காலணி ஆலையில் பசை தடவிக்கொண்டிருந்த என்னை இங்கே சேர்த்துவிட்டது ஹுவாங் அத்தை. கழுவும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. நான் போனால் அவர் பெயரும் கெடும்.

மார்ச் 10
31-இன் அடியில் மிச்சம் காய்ந்து, ஊசி ஊசியாகப் படிகங்கள். அக்காவின் மேசையில் அதே பொருள் திரவமாக இருக்கிறது, பொடியாகவும் இருக்கிறது. மதியம் விளக்கில் காட்டி அணைத்துப் பார்த்தேன். இரண்டும் இருட்டு. ஒரே பொருள்தானே?

மார்ச் 12
இன்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிகம் வந்தவுடன் கல்வத்தில் கொட்டி மாவாக அரைக்கிறார். பிறகுதான் ஒளியை அளக்கும் கருவியில் வைக்கிறார். இங்கே எல்லோரும் அப்படித்தான். அரைப்பதற்கு முன்னால் இருட்டில் வைத்து யாரும் பார்ப்பதில்லை.

அரைப்பதுதான் கெடுக்கிறதோ?

என் குப்பியில் பாதியை எடுத்துக் கரண்டியால் நசுக்கினேன். விளக்கில் காட்டினேன். அணைத்தேன்.

செத்துவிட்டது. நான்தான் கொன்றேன். அழுகை வந்தது — எதுக்கு அழுறேன், ஒரு சிட்டிகைப் பொடிக்கு?

மார்ச் 13
அந்தப் பொடியில் குப்பி கழுவும் அசிட்டோனை விட்டுக் கரைத்தேன். மேலே மெல்லிய அலுமினியத் தகடு மூடி, மெதுவாக ஆவியாக ஊசியால் ஒரே ஓட்டை. கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். காற்றின் ஈரத்தில் சுவரெல்லாம் வியர்க்கிற மாதம், யாரும் அங்கே கை விடமாட்டார்கள்.

மார்ச் 16
ஊசிகள் வந்துவிட்டன. ஒளிர்கிறது!

புத்தாண்டு விடுமுறை முடிந்து ஊரிலிருந்து ரயிலில் கைகால் அசைக்க முடியாமல் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோமே. படிகத்துக்குள்ளும் அப்படி இறுகி இருந்தால்தான் வாங்கிய ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிறதோ?

மார்ச் 17
ஹுவாங் அத்தை கண்டுபிடித்துவிட்டார். “ஏ புள்ள, குப்பியக் கழுவுறது நம்ம வேல. உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது அவங்க வேல. தெரிஞ்சா என்னாகும்னு தெரியும்ல?” என்று கழிவு வாளியில் கொட்டப் போனார்.

அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். இதற்கு முன் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை.

மார்ச் 20
அக்காவின் கடைசிப் படிகம். கல்வத்தில் கொட்டிவிட்டார். குழவியை எடுத்தார். நான் கல்வத்தின் மேல் கையை வைத்து மூடினேன்.

“அக்கா, அரைக்காதீங்க.”

“அட, இது பேசுமா?” என்றார் தான் காய்.

“31-ஆம் குப்பிய நாந்தான் எடுத்தேன். என்ன அனுப்பிடுங்க, பரவால்ல. ஒரு தடவ பாத்துட்டு அனுப்புங்க.”

தான் காய்தான் எழுந்துபோய்த் திரையை இழுத்தார். குப்பியை விளக்கில் காட்டினேன். அணைத்தேன்.

மூன்று மூச்சு. பச்சையாகவே இருந்தது.

“இன்னொரு வாட்டி,” என்றார் அக்கா. பதினொரு வாட்டி காட்டினேன்.

மார்ச் 25
வாரக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றேன். அரைக்காத படிகம் கருவியில் ஒளிர்ந்த படம் சுவரில் தெரிந்தது. அக்கா தொடர்ந்து செய்யலாம் என்றார் பேராசிரியர். நான் எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹுவாங் அத்தை மட்டும் காலையில், “இனிமே கேட்டுட்டு எடு,” என்றிருந்தார்.

“தகட்டுல எத்தன ஓட்ட போட்ட?” — பேராசிரியர் என்னைத்தான் கேட்டார்.

“ஒண்ணுதான் சார். நெறைய போட்டா வேகமாக் காஞ்சிடுமோன்னு பயம்.”

எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரையும் பார்த்து, “இதுவரைக்கும் ஒளிரலன்னு கைவிட்ட பொருளெல்லாம் பின்னறை அலமாரில இருக்கே. அதையும் அரைச்சுத்தான பாத்தோம்?” என்றார்.

அக்கா ஆமாம் என்று தலையாட்டினார்.

அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.