பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா?

போன வாரம் பெருமழை. கிடங்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். சரக்கு திருடு போகும் என்று, வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் எங்களை உள்ளே விட்டு அறையை வெளிப்பக்கம் பூட்டிவிடுவார். அவர் வந்து திறக்கும்வரை கட்டில்மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடினோம்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி வகுப்பெடுத்தார். "மழை வெறும் அபாயம்தான்பா. தப்பிக்க முடியாத எடத்துல ஆள் இருந்தாத்தான் அது பேரிடர்."

பக்கத்துக் கட்டில் தையற்காரர் கேட்டார்: "அப்போ பூட்டு எதுல சேரும் சார்?"

எல்லோரும் சிரித்தோம். அதிகாரி மேற்பார்வையாளரைப் பார்த்தார். பூட்டு இன்னும் தொங்குகிறது.

ஜன்னல் கம்பிச் சட்டத்தில் நான்கு நட்டுகள். நல்லவேளை, எல்லாம் உள்பக்கம். ஆனால் கடைக்குப் போனாலும் மேற்பார்வையாளர் கூடவே வருகிறார். அதனால் நம் சைக்கிள் கடையிலிருந்து பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் ஒன்றைப் போர்வைக்குள் சுற்றி அனுப்புங்கள். வானம் மறுபடி இருட்டுகிறது, தாமதிக்க வேண்டாம்.

தபாலில் போட லாரி டிரைவர் காத்திருக்கிறார், முடிக்கிறேன். எதற்கு ஸ்பானர் என்று அம்மா கேட்டால், கட்டில் ஆடுகிறதாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்