கேட்டில் அணைத்த வண்டி

செவ்வாய், இரவு

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

சுரங்க கேட்டில் சோதனையின்போது எல்லா வண்டியும் இன்ஜினை அணைக்க வேண்டும். இன்றும் அப்பாவின் பிக்கப் அங்கே அணைத்த பிறகு கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தானாம். பின்னால் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன; வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பியதாம். இன்னொரு முறை நின்றால் வண்டிக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மெக்கானிக் செல்வம் அண்ணன் வந்து பேட்டரி, ஒயர் எல்லாம் பார்த்தார். திருப்பும்போதெல்லாம் உடனே கிளம்பியது.

"நல்லாத்தானே இருக்குது! மக்கர் பண்றப்போ கூப்புடுங்கண்ணே."

"கேட்டுக்குள்ள உன்ன எப்படிடா கூட்டிகினு போறது? உனக்கு எவன் பாஸ் குடுப்பான்?"

"ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டாரா இருக்கலாம். பாக்காம எதக் கழட்டுறது?"

அவர் போன பிறகும் அப்பா இன்ஜினை அணைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா, "பொக தாங்கல, நிறுத்துப்பா" என்று கத்தினார். அப்பா நிறுத்தினார்.

மறுபடி திருப்பிப் பார்ப்பார் என்று நின்றேன். கை சாவி மேலேயே இருந்தது. திருப்பவில்லை. கிளம்பாவிட்டால் என்ன செய்வது? கிளம்பினாலும் காலையில் கேட்டில் கிளம்பும் என்று எப்படி நம்புவது?

இறங்கி வந்து, "சாப்ட்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவரும் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.