திரையின் இடது பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. ஜாதவ்பூர் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். லேபில் நான் மட்டும்.

போன கோடையில் ஸார் ஆர்க்டிக்கில் எடுத்த உள்ளான் பறவை வீடியோக்கள். பக்கத்துப் பக்கத்து இடத்தில் இரண்டு ஆண் பறவை. இடக்காலில் மஞ்சள் வளையம், வலக்காலில் பச்சை என்றால் ‘ம’. மாறியிருந்தால் ‘ப’. ம எல்லையில் நின்று ஒற்றை இறக்கையைத் தூக்கிக் காட்டும், ப பின்வாங்கும். ம-வுக்குத்தான் ஜோடி. ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் எழுதியாயிற்று. என் கைடு ஸாருக்குப் பிடித்தால் அடுத்த கோடை அங்கே நான்.

அம்மா போனில்: “ஏட்டி, அந்த ஐஸ் ஊருக்கு எப்பம் போற? ஸ்வெட்டர் எடுத்து அனுப்பட்டா?”

இன்னும் முடிவாகவில்லை என்றேன். மனதுக்குள் பெட்டியே கட்டியாயிற்று.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

வானில் சிறகு நடுங்கப் பாடிவிட்டு இறங்கிய ம, கேமராவைப் பார்த்து நின்றது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பியது. திரையில் இடது பக்கம் இருந்த மஞ்சள் வலது பக்கம் போய்விட்டது. அது ம இல்லை. ப.

நம்மைப் பார்த்து நிற்கும் பறவைக்கு இடம் வலம் மாறும். முதல் நாளே சொல்லித் தந்த பாடம். தெரிந்தும் இத்தனை மாதமாகத் திரையின் இடதையே இடது என்று குறித்திருக்கிறேன். எது விரட்டியது, எது ஓடியது, எதற்கு ஜோடி சேர்ந்தது? ஒன்றும் தெரியாது.

சாப்பாடு இறங்கவில்லை. எதற்கும் லாயக்கில்லாதவள் நான்.

ஜூலை 10, வியாழன்

ஸாரிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டீ வரவழைத்தார். எல்லா வீடியோவையும் முதலிலிருந்து பார் என்றார். கோடைக்கு அர்ணவ் போகட்டும் என்றார். எனக்கு ஜூனியர். தலையை ஆட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் அழுகை. பக்கத்தில் நின்ற அம்மாள், “கீ ஹொயேச்சே, மா?” என்ன ஆயிற்று என்று வங்காளத்தில் கேட்கிறாள். பஸ் வரவில்லை என்றேன். என் பஸ் அப்போதுதான் போனது.

அம்மாவுக்குப் போன் செய்யவில்லை. செத்துப்போன மாதிரி இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

வானம் மூடாக்கு. தலைவலி.

அர்ணவுக்கு வளையம் படிக்க நான்தான் சொல்லித் தர வேண்டுமாம். ஸார் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லித் தந்தேன். உடனே பிடித்துக்கொண்டான், கெட்டிக்காரன். கோபப்படக்கூட வழியில்லாத நல்ல பையன்.

போகும்போது அக்கா முறை வைத்துக் கேட்டான்: “தீதி, அங்கே ரொம்பக் குளிருமா?”

தெரியாது, நான் போனதில்லை என்றேன்.