புதுக்குருவின் முதல் ஆசி

சேசு மரி சூசை துணை

ஏரிக்கரை ஜெர்மன் தெரு,
1854 மே 9

என் அன்புப் பேரன் ஆல்பனுக்குப் பாட்டி கிரெசென்சியா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம், மறுநாள் ஆயரின் பெரிய கோயிலில் முதல் பூசை என்று எழுதியிருந்தாய். அதை ரொட்டிக்கடையில் மூன்று தடவை படித்துக் காட்டிவிட்டேன். இந்தத் தெருவிலிருந்து குருவாகிற முதல் பிள்ளை நீ. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

நம் புனித கிலியன் கோயிலுக்கு ஆயர் சாமியார் தராததால் இன்னும் பூசை இல்லை. கோயில் பத்திரத்தைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லி ஆயர் மறுபடி ஓர் ஐரிஷ் சாமியாரை அனுப்பினார். நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் ஏழு பேரும் மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவனான உன் அப்பன், "செங்கல் சுமந்தது நாங்க, சாவி மட்டும் அவருக்கா சாமி?" என்றானாம். "செங்கல் சுமந்தவன் எல்லாம் ஆயராயிட முடியுமாய்யா வென்டலின்?" என்று அந்தச் சாமியார் கேட்டாராம். ஏழு பேரையும் திருச்சபைக்குப் புறம்பாக்கிவிட்டார்கள். இனி எந்தக் கோயில் பூசைக்கும் அவர்கள் போக முடியாது. ஞாயிறுதோறும் நாங்களே கூடி ஜெபமாலை சொல்லிப் பாடிவிட்டு வருகிறோம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மகன் பூசைக்கு வாடா என்று உன் அப்பனிடம் கெஞ்சினேன். "கோயிலை ஏம்ப்பா குடுத்தேன்னு நாளைக்கு ஆல்பனே கேப்பான். போம்மா" என்றான். கப்பலேறி இங்கே வருமுன் இருந்த நம் பழைய ஜெர்மன் ஊரில் புதுக்குருவின் முதல் ஆசிக்காக ஜனங்கள் இரண்டு நாள் நடந்து போவார்கள். பெற்றவனுக்கு அது கிடைக்காதா என்று அன்று இரவெல்லாம் ஜெபமாலை சொன்னேன்.

நேற்று அவன் தன் பூட்சுக்குப் புது அடி தைத்து வாங்கி வந்தான். எங்கேடா பயணம் என்றேன். "எங்கயும் இல்ல" என்றான். பிறகு அவனாகவே, "பெரிய கோயிலுக்கு எதிர்ல குதிரைத் தண்ணித் தொட்டி இருக்குல்ல, அங்க நிப்பேன். தெருவும் ஆயருக்குச் சொந்தமா என்ன?" என்றான்.

ஆயருக்குக் கீழ்ப்படிவதாக நீ வாக்குக் கொடுக்கப்போகிறாய். அதை மீறச் சொல்ல மாட்டேன். உன் அப்பனை உள்ளே வராதே என்றுதான் அவர் சொன்னார். உன்னை வெளியே போகாதே என்று சொல்லவில்லை. பூசை முடிந்ததும் எல்லோரும் ஆசிக்காக உன்னைச் சூழ்வார்கள். முன்வரிசையில் நான் இருப்பேன். என் தலையில் கை வைத்துவிடாதே, ராசா. பூசை உடுப்போடு நேரே தெருவுக்கு வா. முதலில் அவனுக்குக் கொடு. நான் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

உன் பாட்டி,
கிரெசென்சியா